உலக வர்த்தக வழக்குகளில் ஒவ்வொரு நாடும் ஏன் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: உலக வர்த்தக அமைப்பில் 166 உறுப்பினர்கள், ஒப்பந்தம் ஒன்றே, தகராறைத் தீர்க்கும் வழியும் எல்லோருக்கும் ஒன்றே. அப்புறம் ஏன் வழக்கு என்று வந்தால் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், இந்தியா எல்லாம் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன? அந்தந்த நாட்டில் ஊறிப்போன எண்ணங்கள்தான் காரணம் என்று வகுப்பில் சொன்னார்களே, அது நிஜமா, இல்லை எல்லாம் லாபநட்டக் கணக்கா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்பதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது இன்னும் ஆழமான கேள்வி என்று நினைக்கிறேன். எண்ணம் என்று ஒன்று வேலை செய்தால், அதை லாபக் கணக்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியுமா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சட்டம் படித்தவன். பொருள்குவிப்புத் தடுப்பு வரி வழக்குகளில், அதாவது ஒரு நாட்டுச் சரக்கு உள்ளூர் விலையைவிட மலிவாக வந்து குவிகிறது என்று இறக்குமதி நாடு கூடுதல் வரி போடும் வழக்குகளில், ஏற்றுமதியாளர்கள் பக்கம் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது அதையே பாடமாக எடுக்கிறேன். அதனால் அமெரிக்க, இந்திய நடைமுறைகள் எனக்குக் கையால் தொட்டுப் பழகியவை. ஜப்பான், சீனா பற்றிச் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில் படித்தறிந்தது, அந்த மொழிகள் தெரியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் கருத்து இதுதான்: எதற்காகச் சண்டை என்பதைப் பெரும்பாலும் லாபம் தீர்மானிக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்பவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடம் யாருக்குச் சொந்தம், தோற்றால் அடுத்து என்ன செய்வது நியாயம் என்ற மூன்றையும் ஒரு நாடு தன் வீட்டுக்குள் அரசு, நீதிமன்றம், சட்டமன்றம் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தைக் கொண்டுதான் பார்க்கிறது.

முதலில் பின்னணி. 1947ல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் (சுங்கவரி, வர்த்தகம் பற்றிய பொது ஒப்பந்தம்) ஒப்பந்தத்தின் கீழ், தகராறு வந்தால் ஒரு குழு விசாரித்து அறிக்கை தரும். ஆனால் அந்த அறிக்கை செல்லுபடியாக எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், தோற்ற நாடும் சேர்த்து. தோற்றவரும் தலையாட்டினால்தான் தீர்ப்பு என்கிற ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. 1995ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது இது தலைகீழானது. எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்று சொன்னால் ஒழிய அறிக்கை தானாக ஏற்கப்பட்டுவிடும். ஜெயித்த நாடு வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, ஆக எல்லா அறிக்கையும் செல்லும். இவ்வளவு கடுமையான ஏற்பாட்டில் தப்பான அறிக்கையைத் திருத்த ஒரு வழி வேண்டும் என்று ஏழு பேர் கொண்ட மேல்முறையீட்டு அமைப்பை உருவாக்கினார்கள். ஒருவருக்கு நான்கு வருடப் பதவி, ஒரு முறை நீட்டிக்கலாம், ஒரு வழக்கை மூன்று பேர் கேட்பார்கள், 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

இந்தக் கடுமையான ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதில் முக்கியமான நாடு அமெரிக்காதான். காட் காலத்தில் தான் ஜெயித்த அறிக்கைகளை ஐரோப்பா தடுத்து நிறுத்துகிறது என்பது அதன் நீண்டநாள் குறை. மற்ற நாடுகள் இதற்கு ஒத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவை வைத்து அமெரிக்கா தானே குற்றம் சாட்டி, தானே தீர்ப்புச் சொல்லி, தானே தண்டனையும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1989ல் 'சூப்பர் 301' பட்டியலில் ஜப்பான், பிரேசில் ஆகியவற்றோடு இந்தியாவையும் சேர்த்தது. வலுவான ஒரு பொது ஏற்பாடு வந்தால் இந்தத் தன்னிச்சை நிற்கும் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அப்படிக் கேட்டு வாங்கிய அமைப்பையே அமெரிக்கா பிறகு முடக்கியது. 2011ல் தன் நாட்டவரான ஜெனிஃபர் ஹில்மனையே இரண்டாம் முறை முன்மொழியவில்லை. 2016ல் தென்கொரியாவின் சுங் வா சாங் மறுநியமனத்தைத் தடுத்தது. 2017லிருந்து எல்லா நியமனங்களையும் தடுத்தது. 2019 டிசம்பர் 10 அன்று இந்தியாவின் உஜல் சிங் பாட்டியா, அமெரிக்காவின் தாமஸ் கிரஹாம் இருவருடைய பதவிக்காலமும் முடிந்தபோது, மிஞ்சியது சீனாவின் ஹாங் ஜாவ் ஒருவர்தான். மூன்று பேர் இல்லாமல் வழக்குக் கேட்க முடியாது. 2020 நவம்பரில் அவர் காலமும் முடிந்தது. அன்றிலிருந்து அங்கே யாரும் இல்லை.

லாபக் கணக்கை மட்டும் நம்புபவர்கள் இதற்கு நேரான விளக்கம் சொல்வார்கள்: தன்மேல் போட்ட வழக்குகளில் அமெரிக்கா நிறையத் தோற்றது, அதனால் உடைத்தது. தோற்றது உண்மைதான். ஆனால் தான் போட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றில் அதே அமெரிக்கா ஜெயித்தது என்பதும் உண்மை. வழக்குப் போடுகிறவர் பொதுவாக ஜெயிப்பார், எல்லா நாட்டுக்கும் இதுதான் நிலவரம். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த வகைத் தோல்வி அவர்களைக் கொதிக்கவைத்தது என்று பாருங்கள். பெரும்பகுதி ஒரே இடத்தில் வந்து நிற்கும். அது 'ஜீரோயிங்' என்று சொல்லப்படும் ஒரு கணக்கு முறை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் எதுவும் பிடிபடாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஒரு நிறுவனம் உள்ளூரில் ஒரு பொருளை 100 ரூபாய்க்கு விற்கிறது. வெளிநாட்டுக்கு ஒரு ரகத்தை 80க்கும் இன்னொரு ரகத்தை 120க்கும் அனுப்புகிறது. முதலாவதில் 20 ரூபாய் மலிவு, இரண்டாவதில் 20 ரூபாய் அதிகம், கூட்டினால் பூஜ்யம், பொருள்குவிப்பே இல்லை. ஆனால் அமெரிக்க வர்த்தகத் துறை இரண்டாவது ரகத்தில் வந்த அந்த 'மைனஸ் 20'ஐ பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். அப்போது மொத்த ஏற்றுமதி 200 ரூபாயில் 20 ரூபாய் குவிப்பு, அதாவது 10 சதவீத வரி. ஏற்றுமதியாளருக்காக அந்தத் துறை அனுப்பும் விசாரணைக் கேள்வித்தாள்களை நிரப்பும் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். உள்நாட்டு விற்பனைக்கு ஒரு பகுதி, அமெரிக்க விற்பனைக்கு ஒரு பகுதி, உற்பத்திச் செலவுக்கு ஒரு பகுதி என்று பில் பில்லாக எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் கொடுத்திருப்போம். விலை அதிகமாக விற்ற பில்கள் மட்டும் கணக்கில் ஏறவே ஏறாது.

இந்த முறை தவறு என்று மேல்முறையீட்டு அமைப்பு முதன்முதலில் 2001ல் சொன்னது இந்தியா போட்ட வழக்கில். எதிராளி ஐரோப்பா, பொருள் இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகள். ஐரோப்பா தோற்றது, தன் முறையை மாற்றிக்கொண்டது, மாற்றிய கையோடு அதே வாதத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கா மேல் வழக்குப் போட்டது. ஜப்பானும் மெக்சிகோவும் போட்டன. 2006, 2007, 2008 என்று அடுத்தடுத்துத் தோற்ற அமெரிக்கா, ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தத் தீர்ப்பே தவறு என்று எதிர்த்துப் பேசியது. மறுஆய்வுகளில் இந்த முறையைக் கைவிட்டது 2012ல்தான். ஒரே விதி, ஒரே தோல்வி, இரண்டு பணக்காரத் தரப்புகள், ஆனால் நடந்துகொண்ட விதம் இரண்டு. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா வரியைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறது, சரக்கு வந்தபிறகு வருடா வருடம் மறுஆய்வு செய்து இறுதி வரியைத் தீர்மானிக்கும். ஐரோப்பா முன்கூட்டியே வரியை நிர்ணயித்துவிடும். அதனால் ஜீரோயிங்கை விடுவதில் அமெரிக்காவுக்கு நட்டம் கூடுதல். ஆகவே இந்த ஒப்பீட்டில் லாபக் கணக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது, முழுவதையும் எண்ணத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆனாலும் எண்ணத்தின் பங்கு இங்கே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத்திலேயே கிடக்கிறது. 1984ல் செவ்ரான் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையைச் சொன்னது: ஒரு சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லாமல் இரண்டு விதமாகப் பொருள்கொள்ள இடமிருந்தால், அதை நடைமுறைப்படுத்தும் அரசுத் துறை எடுத்துக்கொண்ட நியாயமான பொருளை நீதிபதி மதிக்க வேண்டும், தன் பொருளைத் திணிக்கக் கூடாது. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா இந்தக் கொள்கையைத் தூக்கிக்கொண்டு போய், பொருள்குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தின் 17.6ஆம் பிரிவில் நுழைத்தது. ஏற்கத்தக்க பொருள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அதிகாரிகள் அதில் ஒன்றைப் பின்பற்றியிருந்தாலே போதும், ஒப்பந்தத்தை மீறியதாகாது என்கிறது அந்தப் பிரிவு. அமெரிக்க நிர்வாகச் சட்டம் படித்த ஒருவருக்கு இது மிக இயல்பான ஏற்பாடு. உலக வர்த்தக அமைப்பின் தலைமையகமான ஜெனிவாவில் வழக்குக் கேட்டவர்கள் அப்படிப் படிக்கவில்லை. ஒப்பந்தங்களுக்குப் பொருள் காணும் வியன்னா விதிகளை வரிசையாகப் பயன்படுத்தினார்கள், ஜீரோயிங் வழக்குகளில் கடைசியில் ஒரே பொருள்தான் மிஞ்சுகிறது என்றார்கள், அதனால் அந்தப் பிரிவு கொடுத்த சலுகைக்கு வேலையே வரவில்லை. நாங்கள் பேரம் பேசி வாங்கிய உரிமையை நீதிபதிகள் அழித்துவிட்டார்கள் என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் சொல்வதில் நடிப்பு இல்லை. அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன், மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அவர்களுக்கு நியாயம் உண்டு என்று நானும் நினைக்கிறேன், ஜீரோயிங்கை எதிர்த்த பக்கம் நின்றவனாக இருந்தும்.

இதைக் கேட்டுவிட்டு, சரி, அமெரிக்கச் சட்டக் கலாசாரம் அப்படியே ஏற்றுமதியாகிறது என்று எழுதிவிடாதீர்கள், அது அவ்வளவு சுலபமில்லை. மேல்முறையீட்டு அமைப்பு தன் பழைய தீர்ப்புகளை முன்னுதாரணம்போல நடத்துகிறது என்பது அமெரிக்காவின் இன்னொரு பெரிய புகார். வலுவான காரணம் இருந்தால் ஒழிய அடுத்த குழு முந்தைய தீர்ப்பிலிருந்து விலகக் கூடாது என்று 2008ல் அந்த அமைப்பு சொன்னதை அமெரிக்கா கடைசிவரை ஏற்கவில்லை. யோசித்துப் பாருங்கள், தன் நாட்டில் முன்னுதாரணத்தின் மேலேயே சட்டத்தைக் கட்டியிருக்கும் நாடு அது. கலாசாரம் அப்படியே வெளியே வரும் என்றால் இந்தப் புகாரே எழுந்திருக்கக் கூடாது. இங்கே வேலை செய்வது அடியில் இருக்கும் அரசியலமைப்பு எண்ணம் என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் நீதிமன்றம் ஒரு சட்டத்துக்குப் பிடிக்காத பொருள் சொன்னால் காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், அந்தச் சட்டத்தைத் திருத்திவிடலாம். ஜெனிவாவில் அப்படித் திருத்த அத்தனை உறுப்பினர்களும் நடைமுறையில் ஒத்துவர வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. திருத்தும் சட்டமன்றம் இல்லாத இடத்தில் நீதிபதிக்கு முன்னுதாரண அதிகாரம் கொடுத்தால் அவரே சட்டமன்றம் ஆகிவிடுவார் என்ற பயம் அது.

அந்தப் பயம் பழையது, டிரம்ப்போடு வந்ததில்லை. வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பு காங்கிரஸுக்குத்தான் கொடுத்திருக்கிறது. 1940களில் பேசி முடித்த சர்வதேச வர்த்தக நிறுவனத் திட்டம் காங்கிரஸைத் தாண்ட முடியாது என்று தெரிந்து 1950ல் ட்ரூமன் கைவிட்டார். 1994ல் உலக வர்த்தக அமைப்பை ஏற்ற சட்டத்திலேயே, அமெரிக்கச் சட்டத்தோடு முரண்படும் எந்த விதியும் இங்கே செல்லாது என்று எழுதினார்கள். அதே சமயம் செனட்டர் பாப் டோல், அமெரிக்க நீதிபதிகள் அடங்கிய ஒரு ஆணையம் ஜெனிவாத் தீர்ப்புகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு யோசனை வைத்தார், அது சட்டமாகவில்லை. 2002 வர்த்தகச் சட்டத்தில் காங்கிரஸ், குழுக்களும் மேல்முறையீட்டு அமைப்பும் ஒப்பந்தத்தில் இல்லாத கடமைகளைச் சேர்க்கின்றன என்ற கவலையை எழுதியே வைத்தது. அப்புறம் ஒபாமா காலத் தடைகள், டிரம்ப் காலத்தில் முழு முடக்கம், பைடன் காலத்திலும் அதே நிலை. 130 உறுப்பினர்கள் சேர்ந்து நியமனத்தைத் தொடங்கலாம் என்று மாதாமாதம் தீர்மானம் கொண்டுவர, அமெரிக்கா மாதாமாதம் ஆதரிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2022 டிசம்பரில், தேசப் பாதுகாப்பு என்று சொல்லிப் போட்ட எஃகு, அலுமினிய வரிகள் விதிகளுக்கு முரணானவை என்று குழுக்கள் சொன்னபோது, எது பாதுகாப்பு என்று தீர்மானிக்க ஜெனிவாவுக்கு வேலை இல்லை என்று பைடன் அரசே நிராகரித்தது. கட்சி மாறி, தலைவர் மாறி, பொருளாதாரக் கொள்கை மாறியும் ஒரே நிலைப்பாடு தொடர்ந்தால் அதன் அடியில் எண்ணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐரோப்பா வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் என்பதே ஒப்பந்தத்தாலும் நீதிமன்றத்தாலும் கட்டப்பட்ட ஒன்று. நாடுகள் போட்ட ஒப்பந்தத்தைச் சாதாரணக் குடிமகன் தன் ஊர் நீதிமன்றத்திலேயே உரிமையாகக் கேட்கலாம் என்று 1963லேயே அதன் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே வளர்ந்த அதிகாரிக்கு, நாடுகளுக்கு மேல் ஒரு நீதிமன்றம் என்பது பயம் தராது. மேல்முறையீட்டு அமைப்பு முடங்கியதும் 2020ல் அதற்குப் பதிலாக ஓர் இடைக்கால நடுவர் ஏற்பாட்டை முன்நின்று உருவாக்கியதும் ஐரோப்பாதான். சீனா, கனடா, பிரேசில், ஆஸ்திரேலியா எல்லாம் அதில் உண்டு, 2023ல் ஜப்பானும் சேர்ந்தது. ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. தன் ஒப்பந்தங்களுக்குக் கொடுத்த அந்த நேரடிச் செல்லுபடியை, காட் விதிகளுக்கும் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கும் கொடுக்க அதே ஐரோப்பிய நீதிமன்றம் 1972லும் 1999லும் மறுத்தது. காட் காலத்தில் ஐரோப்பா சட்டத்தைவிடப் பேச்சுவார்த்தையைத்தான் விரும்பியது, அறிக்கைகளைத் தடுத்தது என்று மேலே சொன்னேன். எண்ணம் காலத்தோடு மாறும், ஒரு நாட்டின் பிறவிக்குணம் என்று அதை எடுத்துக்கொண்டால் 1980களின் ஐரோப்பாவை விளக்கவே முடியாது.

ஹார்மோன் மாட்டிறைச்சி வழக்கையும் சொல்ல வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா தடை செய்தது, 1998ல் தோற்றது, தடையை எடுக்க மறுத்தது. 1999ல் வருடத்துக்கு 11.68 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி வரி போட அமெரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது. அதில் மாட்டிக்கொண்ட பொருள்களில் ஒன்று பிரான்சின் ரோக்ஃபோர் சீஸ். அந்த ஆகஸ்டில் பிரான்சின் மியோ ஊரில் விவசாயத் தலைவர் ஜோசே போவேயும் மற்ற ஆட்டுப்பால் விவசாயிகளும் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டதற்கு இதுதான் பின்னணி. அடுத்த பத்து வருடம் யார் யாரோ வியாபாரிகள் அபராதம் கட்டினார்கள், தடை அப்படியே இருந்தது. ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே அவ்வளவு ஆழம். தடை ஐரோப்பிய விவசாயிகளுக்கும் சேர்த்துத்தான், அதனால் வெறும் உள்ளூர்ப் பாதுகாப்பு என்று தள்ளிவிட முடியாது.

ஜப்பானைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, ஜப்பானியர்கள் சுபாவத்திலேயே வழக்குக்குப் போக மாட்டார்கள் என்று. 1960களில் அங்குள்ள சட்ட அறிஞர் ஒருவரே இதைச் சொன்னார். 1970களின் கடைசியில் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் அதைத் திருப்பிக் கேட்டார்: வழக்கறிஞர் தேர்வில் வருடத்துக்குச் சுமார் 500 பேரைத்தான் அரசு தேர்ச்சி பெற விடுகிறது, வழக்குக்கு ஆகும் காலமும் செலவும் அப்படி, இதில் மக்கள் சுபாவத்தைக் குறை சொல்வது எப்படி? காட் காலத்தில் ஜப்பான் தகராறுகளைப் பெரும்பாலும் பேசியே முடித்தது. 1995ல் அமெரிக்கா ஜப்பானியச் சொகுசுக் கார்களுக்கு 100 சதவீத வரி போடுவதாக மிரட்டியபோது, ஜப்பான் நேராக உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. அது சமரசத்தில் முடிந்தது, ஆனால் பணிந்த சமரசம் என்று அதைச் சொல்ல முடியாது. பிறகு கோடாக் நிறுவனத்துக்காக அமெரிக்கா போட்ட ஃபிலிம் சுருள் வழக்கில் 1998ல் ஜப்பான் ஜெயித்தது. மூன்று வருடத்தில் ஒரு நாட்டின் சுபாவம் மாறுமா? மாறாது. புதிய அமைப்பு வந்ததால் மாறியது என்று சொல்லலாம். ஆனால் அமைப்பு வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1992லிருந்து, ஜப்பானிய வர்த்தக அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு மற்ற நாடுகளின் கொள்கைகளை வருடா வருடம் சர்வதேச விதிகளை அளவுகோலாக வைத்து மதிப்பிட்டு அறிக்கை போட ஆரம்பித்திருந்தது. இத்தனை சதவீதம் சந்தை கொடு என்று கேட்பது நியாயமில்லை, எந்த விதியை மீறினோம் என்று காட்டு என்பது அந்த அறிக்கையின் வாதம். அதாவது ஒரு அமைச்சகத்துக்குள் சிலர் ஓர் எண்ணத்தை முதலில் உருவாக்கி வைத்திருந்தார்கள், வாய்ப்பு வந்ததும் அது கைக்கு வந்தது. 'உள்நாட்டு எண்ணம்' என்றால் கோடிக்கணக்கான மக்களின் மனப்பான்மையைத் தேட வேண்டாம், பல நேரம் அது இருபது முப்பது அதிகாரிகளின் எண்ணம்தான். சீனாவிலும் ஏறக்குறைய இதே பாதை தெரிகிறது: 2001ல் சேர்ந்த புதிதில் பேசி முடிப்பது, பிறர் வழக்குகளில் மூன்றாம் தரப்பாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது, 2009க்குப் பிறகு தானே துணிந்து வாதாடுவது.

இந்தியாவுக்கு வருகிறேன். கரும்பு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் போட்ட வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியா தோற்றது. கரும்புக்கு மத்திய அரசு ஒரு விலை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் தங்கள் பரிந்துரை விலையை அறிவிக்கும், தமிழ்நாட்டிலும் பல வருடம் அந்த வழக்கம் இருந்தது. அரசு ஒரு டன் கரும்புகூட வாங்குவதில்லை, கஜானாவிலிருந்து விலையைக் கொடுப்பதும் இல்லை, ஆலைதான் கொடுக்கிறது, அப்புறம் இது எப்படி அரசு மானியம் என்று இந்தியா வாதாடியது. ஒப்பந்தப்படி, அரசு நிர்ணயித்த விலைக்கும் பழைய உலக விலைக்கும் உள்ள வித்தியாசமே ஆதரவுதான், யார் பணம் கொடுத்தார் என்பது பொருட்டில்லை என்று குழு சொன்னது. உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற வரம்பைத் தொடர்ந்து ஐந்து பருவங்கள் தாண்டிவிட்டதாகவும் சொன்னது. இந்திய வாதத்தை வெறும் தந்திரம் என்று நினைப்பவர்கள் கரும்பு விவசாயியின் நிலையைப் பார்க்க வேண்டும். வெட்டிய கரும்பு காய்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பது ஒரே ஆலை, அது சொல்வதுதான் விலை. அந்த இடத்தில் அரசு விலை வைப்பது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து, அதற்கும் முன்பிருந்தே, நம் நாட்டில் நியாயம் என்றே கருதப்படுகிறது. இந்த எண்ணத்தில் வளர்ந்த அதிகாரி அதே ஒப்பந்த வாசகத்தைப் படிக்கும்போது அதில் குற்றத்தைக் காண மாட்டார். சட்டப்படி குழு சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன், ஆனால் இந்தியத் தரப்பு நம்பித்தான் வாதாடியது.

அடுத்து இந்தியா செய்தது மேல்முறையீடு. 2022 ஜனவரியில், கேட்க யாருமே இல்லாத அமைப்புக்கு. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அறிக்கை ஏற்கப்படாது, ஆகவே தீர்ப்பு தொங்கும். இந்தச் செயலை அந்த வட்டாரத்தில் வெற்றிடத்துக்கு மேல்முறையீடு என்பார்கள். 2019 நவம்பரில், அந்த அமைப்பு முடங்கச் சில வாரமே இருந்தபோது, ஏற்றுமதி ஊக்கத் திட்டங்கள் வழக்கிலும், 2023ல் செல்போன் போன்ற தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் வரி வழக்கிலும் இதையே செய்தது. அமெரிக்காவும் செய்திருக்கிறது, இந்தியா போட்ட எஃகு வழக்கு ஒன்றில் 2019 டிசம்பரிலேயே. இது எண்ணமா, வசதியா? ஒரு தடயம் தருகிறேன். மேல்முறையீட்டு அமைப்பு உயிரோடு இருந்த காலத்தில் இந்தியா கடைசிவரை வாதாடி, தோற்று, பெரும்பாலும் கீழ்ப்படிந்தது. காப்புரிமை வழக்கில் தோற்று 1999ல் சட்டத்தைத் திருத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வழக்கில் தோற்று, கடைசி 1,429 பொருள்கள் மேலிருந்த கட்டுப்பாட்டை 2001 ஏப்ரலுக்குள் நீக்கியது. உலக வர்த்தக அமைப்புக்கு அடிப்படையான டங்கல் வரைவுத் திட்டத்தை எதிர்த்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாடெங்கும் விவசாயிகள் போராடிய சூடு ஆறாத காலம் அது. இறையாண்மை பற்றிய உணர்ச்சி இன்றைவிடக் குறைவாக இருந்ததில்லை, ஆனாலும் கீழ்ப்படிந்தது. ஆக, இன்றைய தொங்கவிடும் பழக்கத்துக்கு முக்கியக் காரணம் வழி திறந்திருப்பதுதான், இங்கே லாபக் கணக்குக்கே என் ஓட்டு. ஆனால் இடைக்கால நடுவர் ஏற்பாட்டில் இந்தியா சேராமல் நிற்பதும், குழு, மேல்முறையீடு என்ற இரண்டடுக்கு அமைப்பை அப்படியே மீட்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதும் வேறு வகை. சிலர் கூடிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டின்மேல், எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொள்ளாத எதன்மேலும், டெல்லிக்கு நீண்ட அவநம்பிக்கை உண்டு. முதலீடு, மின்வணிகம் போன்ற மற்றப் பேச்சுகளிலும் இதே நிலைப்பாடு என்பதால் அதில் எண்ணத்தின் கை தெரிகிறது. இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம், சாட்சியம் அமெரிக்க விஷயத்தில் இருக்கும் அளவுக்குக் கனமில்லை.

எண்ணம், லாபம் இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பாடப்புத்தகங்கள் அடிக்கடி மறந்துவிடும். 1996ல் இலங்கை பிரேசிலுக்கு எதிராக, உலர்த்திய தேங்காய்த் துருவல் மேல் போட்ட வரிக்காகப் புகார் கொடுத்தது. அது பேச்சுவார்த்தைக் கட்டத்தோடு நின்றது. அதே பொருளுக்காகப் பிலிப்பைன்ஸ் மேல்முறையீடு வரை போய் 1997ல் தோற்றது. இரண்டு நாடுகளின் 'எண்ணத்தை' ஒப்பிட்டு இதற்கு விளக்கம் எழுத முடியும், ஆனால் நான் எழுத மாட்டேன். சிறிய நாடுகளுக்கு ஒரு வழக்கை நடத்த வக்கீலும் பணமும் இருக்கிறதா என்பதே பாதிக் கேள்வி. வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வாதாட ஜெனிவாவில் 2001ல் ஒரு சட்ட ஆலோசனை மையம் தொடங்க வேண்டி வந்ததும் இதனால்தான்.

நீங்கள் இதைக் கட்டுரையாக எழுதப் போகிறீர்கள் என்றால் ஜீரோயிங்கை எடுங்கள். செவ்ரான் கொள்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2024 ஜூனில் கைவிட்டுவிட்டது. சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலைதான் என்று இப்போது அங்கே தீர்ப்பு. 17.6ஆம் பிரிவுக்குத் தாயாக இருந்த எண்ணம் தாய்வீட்டிலேயே இல்லை. இனி ஜெனிவாவில் அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவை எந்த நியாயத்தை வைத்துத் தாங்கிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பழைய வாதமே சொல்மாறாமல் தொடர்ந்தால், எண்ணம் வெறும் உடைதான், உள்ளே இருந்தது லாபம் என்று உங்கள் சந்தேகத்துக்கு வலு கூடும். வாதம் இடம் மாறி காங்கிரஸின் அதிகாரம், இறையாண்மை பக்கம் முழுவதும் சாய்ந்தால் நான் சொன்னதற்கு வலு கூடும். தகராறு தீர்வுக் கூட்டங்களின் குறிப்புகளை உலக வர்த்தக அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். 2006லிருந்து அமெரிக்கப் பிரதிநிதி ஜீரோயிங் பற்றிப் பேசிய பகுதிகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு வாருங்கள், பிறகு 2020 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் மேல்முறையீட்டு அமைப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கையை அதோடு ஒப்பிடுங்கள். எங்காவது புரியாமல் நின்றால் இங்கேயே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.